48 ரூபாயைத் திருப்பிக் கேட்க வந்தவர்

"இந்தா பாருங்கண்ணே, இங்க ஒரு 12. இங்க ஒரு 12. இந்தப் பக்கத்துல ரெண்டு. மொத்தம் 48 ரூவா. ஆளே போய்ச் சேந்துட்டாரு, இனிமே எதுக்கு இது? திருப்பித் தரச் சொல்லுங்க."

2019 ஐப்பசி. ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் அப்போது நான் வங்கிச் சேவை மையம் நடத்திக்கொண்டிருந்தேன். பெயரைக் கேட்டு ஏதோ பெரிய இடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு மேசை, ஒரு லேப்டாப், விரல் வைக்கிற மிஷின், ரசீது அடிக்கிற குட்டிப் பிரிண்டர், கரண்ட் போனால் விசிறிக்கொள்ள ஒரு காலண்டர் அட்டை. ஊரில் அதற்கு 'ரேகைக் கடை' என்று பெயர். நூறு நாள் வேலைச் சம்பளம், முதியோர் பென்ஷன், கேஸ் மானியம் எல்லாம் அங்கேதான் கைக்கு வரும்.

வந்தவருக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கணவர் தென்னை மரம் ஏறுகிறவர். மரத்திலிருந்து விழுந்து இறந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அவர் கணக்கில் கிடக்கும் 640 ரூபாயை எடுக்க முடியுமா என்று கேட்கத்தான் இந்தப் பெண் மஞ்சள்பையோடு வந்திருந்தார். பாஸ்புக்கைப் புரட்டும்போது இந்தப் பிடித்தம் கண்ணில் பட்டிருக்கிறது. வருடத்துக்கு ஒரு 12, நான்கு வருடமாக, எல்லாம் மே மாதக் கடைசியில்.

அது என்ன பிடித்தம் என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆனால் உடனே சொல்ல வாய் வரவில்லை. சொல்லி, ஆசையை மூட்டி, அப்புறம் கிடைக்காமல் போனால் அந்த முகத்தை யார் பார்ப்பது? அதனால் முதலில், "போஸ்ட்மார்ட்டம் பண்ணீங்களாம்மா?" என்று கேட்டேன். பண்ணவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள், போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னதற்கு, "செத்த உடம்ப எதுக்குய்யா அறுக்கணும்" என்று சொந்தக்காரர்கள் சண்டை போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். போலீஸ், எஃப்.ஐ.ஆர். எதுவும் இல்லை.

"ஆஸ்பத்திரியில ஏதாவது சீட்டு குடுத்தாங்களா?"

மஞ்சள்பைக்குள் கைவிட்டுத் துழாவினார். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் மார்க் ஷீட், கரண்ட் பில் எல்லாம் வந்த பிறகு, நாலாக மடித்து வியர்வையில் ஊறிய ஓ.பி. சீட்டு ஒன்று வந்தது. எழுத்துத் தெரியாதவர்கள் காகிதத்தைத் தூக்கிப் போடவே மாட்டார்கள். எது எதற்கு ஆகும் என்ற பயம். மரத்திலிருந்து விழுந்தது, கொண்டுவரும்போதே இறந்தது என்று டியூட்டி டாக்டர் ஆங்கிலத்தில் ஒன்றரை வரி கிறுக்கியிருந்தார். கீழே தேதி, நேரம், முத்திரை.

அந்த ஒன்றரை வரியின் விலை இரண்டு லட்சம்.

பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் 2015 மே மாதம் தொடங்கியது. 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு உள்ள யாரும் சேரலாம். அன்றைக்கு வருடத்துக்கு 12 ரூபாய். விபத்தில் இறந்தாலோ முழு ஊனமானாலோ 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். எஃப்.ஐ.ஆரும் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையும் கேட்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுவது போன்றவற்றுக்கு உடனடியாக ஆஸ்பத்திரியில் எழுதிய பதிவு இருந்தால் போதும் என்று விதியில் ஒரு வரி இருப்பது பலருக்குத் தெரியாது. நான் கணக்கு வைத்திருந்த கிளைக்கும் தெரியவில்லை. முதல் தடவை திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை, பாஸ்புக்கில் 'மு.' என்றும் ஆதாரில் 'எம்' என்றும் இனிஷியல் இருக்கிறது என்று திருப்பினார்கள். மூன்றாம் தடவை அந்த விதியை அச்செடுத்து, வரிக்குக் கீழே மஞ்சள் மை பூசி எடுத்துப் போனேன். விபத்து நடந்து 30 நாளுக்குள் படிவம் தருவது நல்லது என்றுதான் விதி சொல்கிறது. தந்தே ஆக வேண்டும் என்று அங்கே படித்தார்கள். நாங்கள் போனது 27ஆம் நாள்.

பணம் 2020 மார்ச் முதல் வாரத்தில் வந்தது. ஊரடங்குக்கு மூன்று வாரம் முன்னால். அதற்குள் காரியச் செலவுக்கு வாங்கிய 60,000 ரூபாய்க்கு மூன்று வட்டி ஓடிக்கொண்டிருந்தது. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

குறைந்த வருமானக்காரர்களுக்கான நுண்காப்பீடு பற்றி எங்கே பேச்சு வந்தாலும், "எவ்வளவு மலிவு பாருங்கள், ஒரு டீ காசு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்த டீ காசுப் பேச்சு மேல் கொஞ்சம் கோபம் உண்டு. அந்தப் பெண்ணுக்கு 12 ரூபாய் கஷ்டமாக இருக்கவில்லை. கணவருக்கு இப்படி ஒன்று இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. அநேகமாகக் கணவருக்கும் தெரிந்திருக்காது. கணக்குத் தொடங்க முகாம் போட்டபோது ரேகை வைத்த நாலைந்து காகிதங்களில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும். இலக்கு கொடுத்தார்கள், ஆள் சேர்த்தார்கள், காசு பிடித்தார்கள். சேர்ந்தவரிடம் 'சேர்ந்திருக்கிறாய்' என்று சொல்ல யாருக்கும் இலக்கு இல்லை. அவர் அன்றைக்கு 48 ரூபாயைக் கேட்க வராமல், 640 ரூபாயோடு போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அப்படி முடிந்த வீடுகள் எத்தனை என்று யாரிடமும் கணக்கு இருக்காது. கேட்காத பணத்துக்கு ஏது பதிவேடு.

இப்போது அந்த 12 ரூபாயைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 10 ரூபாய் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு. 1 ரூபாய் வங்கிக்கு நிர்வாகச் செலவு. மீதி 1 ரூபாய், ஆளைச் சேர்த்துவிடுகிற என்னைப் போன்றவருக்கு. 2022இல் பிரீமியம் 20 ரூபாய் ஆனபோது கம்பெனியின் பங்கு 18 ஆனது. எங்கள் ஒரு ரூபாய் அப்படியே நின்றது.

ஒரு ஊரில் 500 பேரைச் சேர்த்தால் வருடத்துக்கு 500 ரூபாய். அந்த ஒரு கிளைமுக்கு நான் கிளைக்கு மூன்று தடவையும், வி.ஏ.ஓ. அலுவலகம், சுகாதார நிலையம் என்று வேறு நாலு தடவையும் வண்டியை எடுத்தேன். பெட்ரோலுக்கே அந்த 500 காணாது. என் நல்ல மனதைச் சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை. உண்மையைச் சொன்னால், பல கிளைம்களுக்கு நான் போகவில்லை. "பேங்குல போய்க் கேளும்மா" என்று சொல்லி அனுப்பியவர்கள் உண்டு. அவர்கள் போனார்களா என்று விசாரிக்கவும் இல்லை. கடையில் கூட்டம் நிற்கும்போது, ஒரு பைசா வராத வேலைக்கு அரைநாள் ஷட்டரை இறக்குவது லேசில்லை.

இதே ஊரில் கண்மூடித் திறப்பதற்குள் செட்டில் ஆகும் இன்சூரன்ஸ் ஒன்றும் இருந்தது. வாராவாரம் வசூலிக்கும் குழுக்கடன் கம்பெனிகள், கடன் கொடுக்கும்போதே பிரீமியத்தைப் பிடித்துக்கொள்வார்கள். வாங்கியவரோ அவர் கணவரோ இறந்தால் பாக்கிக் கடன் தீர்ந்துவிடும். 'செத்தா தள்ளுபடி' என்று பெண்கள் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். இறப்புச் சான்றிதழ் வாங்கக் கடன் கம்பெனிக்காரரே பைக்கில் வந்து நிற்பார், படிவமும் அவரே நிரப்புவார். காரணம் சிக்கலானது இல்லை. அந்தப் பணம் போய்ச் சேரும் இடத்துக்கு ஒரு ஆபீஸ் இருக்கிறது, சம்பளம் வாங்கும் ஆள் இருக்கிறார், மேலே கேள்வி கேட்க ஒரு மேனேஜர் இருக்கிறார். விதவைக்கு அந்த மூன்றும் கிடையாது.

சரி, இனி இன்னொரு பாஸ்புக்.

ஜீவன் ஜோதி என்று இதற்கு ஒரு அக்கா திட்டம் உண்டு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும், 55 வரை தொடரலாம். முதலில் 330 ரூபாய், 2022 ஜூன் முதல் 436. இரண்டுக்கும் வருடம் ஜூன் 1இல் பிறந்து மே 31இல் முடியும். ஆகவே மே கடைசி வாரத்தில் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்வார்கள். கணக்கில் பணம் இல்லாவிட்டால் பிடிக்க மாட்டார்கள், பாலிசியும் நின்றுவிடும்.

இந்தத் தேதியை வைத்தவர் யாரோ தெரியாது. எங்கள் ஊர்ப் பக்கம் மே கடைசி என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வருடத்திலேயே கணக்கு துடைத்து வைத்தாற்போல் இருக்கிற வாரம் அது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. நோட்டு, பை, செருப்பு, வேன் ஃபீஸ். சித்திரைத் திருவிழாவுக்கு வாங்கிய கைமாற்று. வெயிலில் காட்டு வேலை இருக்காது. நூறு நாள் வேலைக்கூலி எப்போது ஏறும் என்று யாருக்கும் தெரியாது. அந்த வாரம் ரேகைக் கடையில் வரிசை வாசல் தாண்டி நிற்கும். எல்லோரும் கடைசி நூறு ரூபாய் வரை வழித்தெடுக்க வந்தவர்கள்.

2023 மே 26. குழுவில் கணக்கு எழுதுகிற ஒரு பெண், 46 வயது, எனக்கு மதினி முறை. அவர் கணக்கில் 1,391 ரூபாய் இருந்தது. ஆயிரம் வேண்டும் என்றார். விரல் வைத்தார், நான் எண்ணிக் கொடுத்தேன். மீதி 391. ஆகஸ்டில் சிறுநீரகக் கோளாறில் இறந்துபோனார். மகன் பாஸ்புக்கைக் கொண்டுவந்தான். 2022 ஜூனில் 436 பிடித்த வரி இருந்தது. 2023க்கு இல்லை. 45 ரூபாய் குறைந்திருக்கிறது.

ஜூனில் மறுபடி சேர்ந்திருக்கலாம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் 30 நாள், விபத்துச் சாவு தவிர, எதுவும் கிடைக்காது. அதுகூட ஜூலையில் முடிந்திருக்கும். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடந்திருக்கும். அந்த யாராவது நான்தான். அன்றைக்குத் திரையில் மீதி 391 என்று வந்ததை நான்தான் பார்த்தேன். பின்னால் இருபது பேர் நின்றார்கள், 'அடுத்து' என்றேன்.

இந்த மாதிரி நின்றுபோன பாலிசிகளை 'விழிப்புணர்வு இல்லாமை' என்று எழுதிவிடுகிறார்கள். ஏழைகளுக்குக் காப்பீடு புரியவில்லை என்ற பேச்சை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. எங்கள் பக்கம் வந்து மொய் நோட்டைப் பார்க்க வேண்டும். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கேதம் எல்லாவற்றுக்கும் செய்முறை. யார், எந்தத் தேதியில், எவ்வளவு என்று முப்பது வருடத்து வரவு எழுதி, பீரோவில் நகையோடு வைத்திருப்பார்கள். நான் இன்றைக்குப் போடுகிறேன், என் வீட்டில் விழும்போது நீ போடு. இலங்கைக் கிராமங்களில் மரணாதாரச் சங்கம் என்று வைத்திருப்பதும் இதே தத்துவம்தான்: மாதச் சந்தா, சாவு விழுந்தால் சவச்செலவுக்குப் பணமும் ஆள் உதவியும். பிரீமியமும் கிளைமும் எங்கள் சனத்துக்குப் பாட்டி காலத்துச் சங்கதி.

மொய் தோற்கிற இடங்கள் இரண்டு. மழை பொய்த்தால் மொய் போட வேண்டியவனும் சேர்ந்தே விழுகிறான். அப்புறம், சொந்தம் பெருத்தவனுக்குத்தான் மொய் பெருகும். ஒற்றைக் குடும்பமாக வந்து குடியேறியவனின் நோட்டில் பத்துப் பெயர்கூட இருக்காது. இந்த இரண்டு ஓட்டையையும் அடைக்கத்தான் ஊர் தாண்டிய பெரிய கூட்டு தேவைப்படுகிறது. பெரிதாகப் பெரிதாக, ஆளின் முகம் மறைந்துபோகிறது. மொய் நோட்டில் பெயர் இருக்கும், பாஸ்புக்கில் ஆங்கிலச் சுருக்கெழுத்துதான் இருக்கும்.

முகமும் மறையாமல் கூட்டும் பெரிதாக இருக்க முடியுமா? முடிந்த இடங்கள் உண்டு. நீலகிரியில் கூடலூரில் 1992இலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் என்று பல பழங்குடி மக்கள் சேர்ந்த ஆதிவாசி முன்னேற்றச் சங்கம், அவர்களோடு வேலை செய்த அக்கார்டு என்ற அமைப்பு, அவர்களுக்கென்றே நடக்கும் அஸ்வினி என்ற ஆஸ்பத்திரி. இந்த மூன்றும் சேர்ந்து, அரசுத் துறை இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றிடம் மொத்தமாக ஒரே பாலிசி எடுத்தன. சங்கத்து ஆட்களே ஊர் ஊராகப் போய்ச் சந்தா வாங்கினார்கள். நோயாளி கையில் காசு இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு வந்தால் போதும். கம்பெனிக்குப் படிவம் எழுதுவது, பில் அனுப்புவது, துரத்துவது எல்லாம் ஆஸ்பத்திரியின் வேலை. பிற்பாடு நடந்த ஆய்வில், சேராதவர்களைவிடச் சேர்ந்தவர்கள் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகச் சேர்வது இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது தெரியவந்தது. முன்பு குடிசையிலேயே கிடந்து பார்த்தவர்கள் படியேறி வர ஆரம்பித்தார்கள் என்றுதான் அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. ஆட்கள் படியேறி வந்தால் கம்பெனிக்குச் செலவு கூடும். சந்தாவை ஏற்ற முடியாது, ஆக நடுவில் யாராவது மானியம் போட வேண்டும். கூடலூரிலும் மக்களின் சந்தா மட்டுமே முழுச் செலவையும் தாங்கவில்லை.

குஜராத்தில் சேவா பெண்கள் சங்கம். எலா பட் 1972இல் தொடங்கியது. பீடி சுற்றுகிறவர்கள், காய்கறி விற்கிறவர்கள், குப்பை பொறுக்குகிறவர்கள் உறுப்பினர்கள். 1992இல் அவர்களுக்கென்று விமோசேவா என்ற காப்பீட்டைத் தொடங்கினார்கள். அவர்கள் கற்றுக்கொண்டதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஆஸ்பத்திரி பில்லைத் திருப்பித் தருவதோடு நிற்காமல் படுத்த நாளுக்கு இவ்வளவு என்று கையில் தருவது. நம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இன்றைக்குக் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை ஆபரேஷன் செலவைப் பார்த்துக்கொள்கிறது, அது பெரிய விஷயம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மதுரையில் பத்து நாள் படுக்கையில் கிடந்தவருக்கு அந்தப் பத்து நாள் கூலி போச்சு. கூட இருந்த மகளுக்கும் கூலி போச்சு. பஸ், சாப்பாடு, டீ. கந்துவட்டி புகுவது அந்தச் சந்தில்தான்.

அதே சேவா அண்மையில் வெயிலுக்கும் காப்பீடு போட்டது. 2023இல் முதல் வருடம். குறித்து வைத்த வெப்ப அளவை வெயில் தொடவில்லை, ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. வெயிலில் உப்பளத்தில் நின்றவர்களிடம் "போதுமான வெயில் அடிக்கவில்லை" என்று எப்படிச் சொல்லியிருப்பார்களோ. 2024இல் அளவை மாற்றி, 50,000 பெண்களைச் சேர்த்தார்கள். 40 டிகிரி தாண்டியதும் ஆளுக்கு 400 ரூபாய் நேரடியாக, அதற்கு மேல் வெயில் ஏறியதைப் பார்த்துச் சுமார் 46,000 பேருக்குக் காப்பீட்டுப் பணம். சான்றிதழ் இல்லை, வி.ஏ.ஓ. கையெழுத்து இல்லை, வெப்பமானி சொன்னால் பணம். ஓ.பி. சீட்டுக்காக மஞ்சள்பையைத் துழாவிய எனக்கு இது சொர்க்கமாகத் தெரிகிறது. ஆனால் சாவுக்கும் நோய்க்கும் வெப்பமானி கிடையாதே.

செல்போன் வழியாகக் கொடுத்தால் செலவே இல்லை என்று இன்னொரு யோசனை அடிக்கடி வரும். ஜிம்பாப்வேயில் 2010 அக்டோபரில் ஈகோநெட் என்ற செல்போன் கம்பெனி அப்படி ஒன்றைத் தொடங்கியது. ஈகோலைஃப் என்று பெயர். மாதம் இவ்வளவுக்கு டாப்அப் செய்தால் ஆயுள் காப்பீடு இலவசம். ஏழு மாதத்தில் நாட்டின் வயதுவந்தவர்களில் ஐந்தில் ஒருவர் உள்ளே. உலகமே பார்த்து அதிசயித்தது. 2011 ஜூனில் செல்போன் கம்பெனிக்கும் பின்னணி வேலை பார்த்த கம்பெனிக்கும் கட்டண விஷயத்தில் தகராறு, திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். அத்தனை பேருக்கும் ஒரே ராத்திரியில் காப்பு போனது. சேர்வதற்குப் படிவம் தேவைப்படாத இடத்தில், வெளியே தள்ளப்படுவதற்கும் தேவைப்படவில்லை. இரவில் இன்சூரன்ஸோடு தூங்கி, காலையில் இல்லாமல் எழுந்த ஒருவரிடம் அடுத்த திட்டத்தை எந்த முகத்தோடு விற்பது?

ஆக, நிலைத்து நிற்பது என்ற பேச்சுக்கு வருவோம். நம் இரண்டு திட்டங்களின் கணக்கு அரசே வெளியிட்டது. தொடங்கிய நாள் முதல் 2022 மார்ச் 31 வரை, 12 ரூபாய்த் திட்டத்தில் கம்பெனிகளுக்கு வந்த பிரீமியம் 1,134 கோடி. கொடுத்த கிளைம் 2,513 கோடி. ஜீவன் ஜோதியில் வந்தது 9,737 கோடி, கொடுத்தது 14,144 கோடி. ஒரு ரூபாய் வாங்கி முதல் திட்டத்தில் ஏறக்குறைய இரண்டே கால் ரூபாயும், ஜீவன் ஜோதியில் ஏறக்குறைய ஒன்றரை ரூபாயும் கொடுத்திருக்கிறார்கள், இத்தனைக்கும் தெரியாமலே போன வீடுகள் எவ்வளவோ. எல்லோரும் தெரிந்து கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதனால்தான் 20 ஆனது, 436 ஆனது. விலை ஏறியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கடையில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், 12 இருபதானதற்கு ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. "எதுக்குப் புடிச்சீங்க" என்று வந்தவர்கள் 12க்கும் வந்தார்கள், 20க்கும் வந்தார்கள். 436 வேறு கதை, அது ஒன்றரை நாள் கூலி.

என்னைக் கேட்டால் விபத்துத் திட்டத்தை 40 ரூபாய் ஆக்கலாம். கூடுகிற 20இல் பாதியையாவது, காகிதம் சேர்த்துக் கொடுக்கிற ஆளுக்குக் கிளைம் முடிந்த பிறகு கொடுக்கலாம். சேர்ப்பதற்குக் கமிஷன் தருகிற வரை ஆள் சேர்ப்பார்கள், கிளைமுக்குத் தந்தால் கிளைம் முடிப்பார்கள். கூலிக்காரன் புத்தி அவ்வளவுதான், நானும் கூலிக்காரன்தான். 2005இல் நுண்காப்பீட்டுக்கு என்று தனி விதி போட்டபோதே தொண்டு நிறுவனங்களும் சுயஉதவிக் குழுக்களும் ஏஜென்டாக இருக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் பன்னிரண்டு குழு இருந்தது. எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய், எந்தப் பையன் வெளியூரில் இருக்கிறான், எந்த ஆள் பனை ஏறுகிறான் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாதது இல்லை. வாரக் கூட்டத்தில் ஆளுக்குப் பத்து ரூபாய் தனியாக ஒதுக்கினால், மே கடைசியில் 456க்கு யாரும் திண்டாட வேண்டியதில்லை. இப்போது மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ஏறுகிறது. ஏறுகிற அன்றைக்கே நாற்பது ரூபாய் பிடித்தால் வருடத்தில் 480. எந்தத் தேதியில் பிடிப்பது என்பதை மட்டும் டெல்லி முடிவு செய்யாமல் இருந்தால் போதும்.

இன்னொன்று. இரண்டு லட்சத்தையும் ஒரே தவணையில், ஐந்தாம் மாதம் தருவதற்குப் பதில், சாவு விழுந்த மூன்றாம் நாள் இருபதாயிரம், மீதி காகிதம் சேர்ந்த பிறகு என்று பிரிக்கலாம். அந்தத் தென்னைமரக்காரர் வீட்டில் மூன்று வட்டிக்கு அறுபதாயிரம் வாங்கியது அந்த முதல் வாரத்தில்தான். இதைக் கிளையில் ஒருமுறை சொன்னேன். "நல்ல யோசனை, எழுதிக் கொடுங்க" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன்.

நான் ரேகைக் கடையை 2023 கடைசியில் விட்டுவிட்டேன். கமிஷன் கட்டுப்படியாகவில்லை. மதினி விஷயமும் ஒரு காரணம் என்று வீட்டில் சொல்வார்கள், இருக்கலாம். இப்போது அதே இடத்தில் ஜெராக்ஸ் கடை. படிவம் நிரப்பித் தர இருபது ரூபாய் வாங்குகிறேன், கிளைம் படிவத்துக்கு மட்டும் வாங்குவதில்லை.

48 ரூபாய் கேட்டு வந்தவர் இன்னும் வருகிறார். வந்த பணத்தில் கடனை அடைத்தது போக இரண்டு கறவை மாடு வாங்கினார், ஒன்று செத்துவிட்டது. காதில் மாட்டிய அடையாள வில்லை எங்கேயோ வேலியில் மாட்டி அறுந்துபோயிருந்ததால் மாட்டுக்குப் போட்ட இன்சூரன்ஸ் கிடைக்கவில்லை. அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். மே மாதம் இருபது தேதி தாண்டிவிட்டால், தெருவில் நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு, எல்லோருடைய பாஸ்புக்கையும் அதே மஞ்சள்பையில் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்.

"அண்ணே, இவளுகளுக்கெல்லாம் அந்த இருவது இருக்கான்னு பாருங்க. இவ நேத்துதான் எல்லாத்தையும் எடுத்துட்டாளாம். போட்டுட்டு வாடீன்னா கேக்க மாட்டேங்கிறா."